புது வீட்டில் நெட்வொர்க் கேபிள்: தளம் போடும் முன் தொடங்கி கடைசிச் சோதனை வரை

2020-லும் 2021-லும் நம் ஊர் வீடுகளில் ஒரு காட்சி வழக்கமாகிப் போனது. மாடிப்படி திரும்பும் இடத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்கும். மடியில் போன், காதில் ஹெட்செட். வீட்டில் தனி அறை உண்டு, மேசையும் உண்டு. சிக்னல் மட்டும் படிக்கட்டில்தான் வரும். பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடுகளிலும் இதே கதைதான்.

இதில் ரவுட்டர் மேல் குற்றம் சொல்ல முடியாது. நம் வெளிச்சுவர் 9 அங்குலச் செங்கல். இரண்டு தளங்களுக்கு நடுவே இருப்பது கம்பி பின்னிய காங்கிரீட். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இவற்றைத் தாண்டும்போது தன் வலுவில் பெரும்பங்கை இழந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் இன்னும் கொஞ்சம் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. அதோடு அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் முட்டி மோதும். நல்ல தீர்வு ஒன்றுதான்: ஒவ்வொரு தளத்துக்கும் கம்பி வழியாக இணையத்தைக் கொண்டுபோய், அங்கே கூரையில் வைஃபை பரப்பும் சிறு சாதனமான ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றை வைப்பது. டிவி, கம்ப்யூட்டர், கேமரா போல இடம் மாறாத சாதனங்களை நேரடியாகக் கம்பியிலேயே இணைத்துவிட்டால் வைஃபை போனுக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் மிஞ்சும்.

வீடு கட்டும்போது இந்த வேலைக்கு ஆகும் செலவு பெரிதல்ல. குடி வந்த பிறகு செய்தால் டைல்ஸும் பெயிண்டும் சேர்ந்து பாழாகும். அதனால் கட்டுமானம் நகரும் வரிசையிலேயே இதைச் சொல்கிறேன். உதாரணத்துக்கு 30க்கு 40 அடி மனையில் கீழும் மேலுமாக ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் காகிதத்தில்

கட்டட வரைபடத்தை ஒரு நகல் எடுத்து, கேபிள் முனை வர வேண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் அதன்மேல் ஒரு புள்ளி வையுங்கள். நம் உதாரண வீட்டில் ஹாலில் டிவிக்குப் பின்னால் 2, கீழ்ப் படுக்கையறையில் 1, மேலே படிப்பறையில் 2, மேல் படுக்கையறையில் 1, இரண்டு தளக் கூரையிலும் ஆக்சஸ் பாயிண்டுக்கு ஒவ்வொன்று, கேட், பின்பக்கம், மொட்டை மாடி என மூன்று கேமராக்களுக்கு 3, வாசல் வீடியோ அழைப்புமணிக்கு 1. மொத்தம் 12. அதிகமாகத் தோன்றலாம். ஆனால் குடும்பங்கள் ஆறு மாதத்தில் வருந்துவது விட்டுப்போன புள்ளிக்காகத்தான். கூடுதலாக வைத்த புள்ளிக்காக யாரும் வருந்தி நான் பார்த்ததில்லை. கூரைப் புள்ளி இரண்டையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் பின்னால் எப்படியாவது சமாளிக்கலாம்.

அடுத்தது மையம் எங்கே என்ற முடிவு. எல்லாக் கேபிளும் வந்து சேரும் அந்த ஒரே இடத்தில்தான் ஃபைபர் மோடமும் ரவுட்டரும், இணையத்தை எல்லாக் கேபிளுக்கும் பகிர்ந்து கொடுக்கும் நெட்வொர்க் சுவிட்சும் இருக்கும். மாடிப்படிக்குக் கீழே வைக்கலாமே என்று பெரும்பாலும் யோசனை வரும். அங்கே இன்வெர்ட்டர் பேட்டரியும் இருந்தால் வேண்டாம். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியிலிருந்து எழும் அமில ஆவி நாளடைவில் கனெக்டர்களை அரித்துவிடும். மேல் தளத்தில் மொட்டை மாடிக்கு ஒட்டிய பரணும் வேண்டாம், மே மாத வெயிலில் அங்கே எந்த சாதனமும் நிம்மதியாக இருக்காது. கீழ்த்தள நடையிலோ, ஹாலை ஒட்டிய காற்றோட்டமான அலமாரியிலோ இரண்டடி அகலச் சுவர் கிடைத்தால் போதும், ஒரு சிறிய சுவர் ரேக் அதில் உட்காரும். அந்த இடத்தில் இன்வெர்ட்டர் லைனிலிருந்து குறைந்தது நான்கு 5 ஆம்ப் சாக்கெட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். கரண்ட் போனால் இணையமும் போவது பல வீடுகளில் இந்த சாக்கெட்டுகளை மறந்ததால்தான்.

எலக்ட்ரீஷியனிடம் பேச வேண்டியது

வேலை தொடங்கும் முன் அவருடன் அரை மணி நேரம் உட்காருங்கள். மின் வேலையில் அவர் கைதேர்ந்தவராக இருப்பார். ஆனால் மின் வேலையின் இரண்டு பழக்கங்கள் இங்கே பொருந்தாது.

ஒன்று, லூப் எடுப்பது. ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று மின் கம்பி தாவிப் போகும். நெட்வொர்க் கேபிளில் அது கூடாது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கேபிள், நடுவே வெட்டோ ஒட்டோ இல்லாமல், நேராக மையத்துக்கு வந்து சேர வேண்டும். 12 புள்ளி என்றால் மையத்தில் 12 முனைகள் தொங்க வேண்டும்.

இன்னொன்று, "ஒரே பைப்புல விட்ரலாம் சார், நல்லாத்தான் ஓடும்" என்பது. 230 வோல்ட் கம்பியும் நெட்வொர்க் கேபிளும் ஒரே பைப்பில் போகக் கூடாது. சிக்னலில் இரைச்சல் ஏறும் என்பது சின்னக் காரணம். மின் கம்பியின் உறை எங்காவது உரிந்து நெட்வொர்க் கேபிளைத் தொட்டால், லேப்டாப்பில் கை வைத்திருப்பவர் வரைக்கும் மின்சாரம் வரலாம் என்பதுதான் பெரிய காரணம். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சுவரில் இரண்டு பைப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் நீளமாக ஓடும் இடங்களில் ஓரடியாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். குறுக்கே கடக்க வேண்டி வந்தால் நேர்கோணத்தில் கடக்கட்டும். நெட்வொர்க் பைப்புகளில் இரண்டடிக்கு ஒருமுறை பெயிண்டால் அடையாளம் போட்டுவிட்டால் வேலை செய்கிறவர்கள் மாறினாலும் குழப்பம் வராது.

தளம் போடும் முன்

எனக்குச் சொல்ல இருப்பதிலேயே முக்கியமானது இதுதான்: கேபிளைவிட பைப் பெரிது. கேபிள் பழுதாகலாம், பத்து வருடத்தில் வேறு வகை தேவைப்படலாம். பைப் சரியாக இருந்தால் பழையதை உருவிப் புதியதை இழுத்துவிடலாம். காங்கிரீட்டுக்குள் பைப்பே இல்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்த கேபிள் வாங்கியும் பயனில்லை.

சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டி முடித்ததும், காங்கிரீட் போடுவதற்கு முன் ஒரு நாளோ அரை நாளோதான் கிடைக்கும். ஃபேன் பாக்ஸ் வைக்கும் அதே நேரத்தில் ஆக்சஸ் பாயிண்டுக்கும் ஒரு ஆழமான ஜங்ஷன் பாக்ஸ் வைத்து, அதிலிருந்து மையச் சுவரை நோக்கிப் பைப் ஓட்ட வேண்டும். ஃபேன் பாக்ஸிலிருந்து நான்கைந்து அடி தள்ளி வையுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, மீடியம் அல்லது ஹெவி ரகப் பைப்பாக இருக்கட்டும். மெல்லிய பைப் காங்கிரீட் கொட்டும்போதும் ஆட்கள் மிதிக்கும்போதும் நசுங்கும்.

அளவைப் பொறுத்தவரை 20 மி.மீ. பைப்பில் 2 கேபிள், 25 மி.மீ. பைப்பில் 3 கேபிள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடம் இருக்கிறதே என்று அடைத்தால் இழுக்கும்போது சிக்கும். வளைவுகளில் குத்தாக மடங்கும் எல்போ வேண்டாம், நீளமான பெண்ட் போடுங்கள். ஒரு பைப் ஓட்டத்தில் இரண்டு நேர்கோண வளைவுக்கு மேல் வந்தால் நடுவே ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைப்பது நல்லது.

பைப் முனைகளையும் பாக்ஸ் வாயையும் மூடுவதை நீங்களே நின்று பாருங்கள். காங்கிரீட் பால் உள்ளே இறங்கி உறைந்துவிட்டால் அந்தப் பைப் முடிந்தது. ஒரு வீட்டில் ஹால் கூரைப் பைப் இப்படி அடைத்துக்கொண்டு, கடைசியில் கூரை விளிம்பில் வெள்ளைக் கேசிங் ஒட்டி அதற்குள் கேபிளைக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அந்த வீட்டுக்காரர் இன்றும் அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்வார்.

மேலும் மூன்று பைப்புகளை மறக்கக் கூடாது. மையத்திலிருந்து மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் வரை நேர் மேலே இரண்டு 25 மி.மீ. பைப்புகள்: ஒன்று தெருக் கம்பத்திலிருந்து வரும் ஃபைபருக்கு, மற்றொன்று காலியாக, நாளைய தேவைக்கு. மேல் முனையை மழைநீர் இறங்காதபடி கீழ்நோக்கி வளைத்துவிடுங்கள். மூன்றாவது, மையத்திலிருந்து கேட் தூண் வரை மண்ணுக்கடியில் ஒரு பைப். முற்றத்தில் கல் பதிக்கும் முன்பே இதைப் புதைத்துவிட வேண்டும். ஃபைபருக்குத் தனிப் பைப் இல்லாததால், புது வீட்டு ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு உள்ளே வந்த கேபிள்கள் எத்தனையோ.

சுவரில் காடி எடுக்கும்போது

சுவர்ப் பைப்பும் பாக்ஸும் பூச்சுக்கு முன் வரும். சாதாரணப் புள்ளிக்குப் பக்கத்தில் உள்ள பிளக் பாயிண்டின் உயரமே சரி, டிவிக்கு மட்டும் டிவி மறைக்கும் உயரம். கேபிள் வளைந்து உட்கார இடம் வேண்டும் என்பதால் ஆழமான பாக்ஸ் கேளுங்கள்.

பூசுவதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுங்கள். அளவு டேப்பைத் தரையிலிருந்து விரித்துப் பிடித்துக்கொண்டு எடுத்தால் பின்னாளில் அலமாரி மாட்ட ஆணி அடிக்கும்போது பைப் எங்கே ஓடுகிறது என்று அங்குலக் கணக்கில் தெரியும்.

எந்தக் கேபிள்

கேட் 6 (Cat 6) என்ற ரகம். வீட்டுக்கு என் பதில் இது ஒன்றுதான். கேட் 5இ-யும் 1 கிகாபிட் வேகத்தை 100 மீட்டர் வரை கொண்டுபோகும், ஏற்கெனவே அது போட்ட வீட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. புதிதாகப் போடும்போது கேட் 6 போட்டால் 10 கிகாபிட்டும் 55 மீட்டர் வரை போகும். நம் வீடுகளில் எந்த ஓட்டமும் அந்த நீளத்தைத் தொடாது. கேட் 6ஏ அந்த வேகத்தை 100 மீட்டர் வரை தாங்கும், ஆனால் தடிமனானது, பைப்பில் வளைக்கக் கஷ்டம். கேட் 8 என்பது 30 மீட்டர் எல்லை கொண்ட டேட்டா சென்டர் சரக்கு. கடைக்காரர் எண் கூடக் கூட நல்லது என்று சொன்னாலும் வீட்டுக்கு அது தேவையில்லை. கவசம் சுற்றிய ரகமும் வேண்டாம். அதற்கு முறையான எர்த் இணைப்பு வேண்டும், அது சரியாக அமையாவிட்டால் கவசத்தால் பயன் இல்லாமல் போகும்.

எண்ணைவிட உலோகத்தைப் பாருங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள் சந்தையில் நிறைய இருக்கிறது. பெட்டியில் சிசிஏ என்ற மூன்றெழுத்து எங்காவது ஓரத்தில் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. இந்தக் கம்பி எளிதில் ஒடியும், மின்தடையும் அதிகம். கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் அனுப்பும்போது சூடாகும். கண்டுபிடிக்க வழி எளிது. ஒரு கம்பியை உரித்துக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். பெட்டியைத் தூக்கியும் பார்க்கலாம். கம்பித் தடிமன் 23 கேஜ் உள்ள கேட் 6-இல் 305 மீட்டர் பெட்டியில் செம்பு மட்டுமே 5 கிலோவுக்கு மேல் வரும், அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். பெட்டி சந்தேகப்படும்படி இலகுவாக இருந்தால் வாங்காதீர்கள்.

நம் 12 புள்ளிகளுக்கும் சராசரி 18 மீட்டர் என்றால் 216 மீட்டர். முனைகளில் விடும் உபரிக்குப் புள்ளிக்கு இரண்டரை மீட்டர் சேர்த்தால் 246. ஆக ஒரு 305 மீட்டர் பெட்டி போதும். உறையிலேயே மீட்டர் எண் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்தே வெட்டலாம்.

வெளிப்புறக் கேமராக்களுக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை கேபிள் தனியாகச் சில மீட்டர் வாங்குங்கள். சாதாரணப் பிவிசி உறை வெயிலில் வெடித்துவிடும். பக்கத்து மனையில் உள்ள இன்னொரு கட்டடத்துக்கு இணைப்பு வேண்டுமானால் செம்புக் கேபிளை வெளியே இழுக்காமல் ஃபைபர் போடுங்கள். அருகில் இடி விழுந்தாலும் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது.

இழுப்பது

பூச்சு காய்ந்த பிறகு, கடைசிப் பெயிண்ட் அடிப்பதற்கு முன். இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் மெதுவாக உள்ளே கொடுக்க, மற்றவர் ஸ்பிரிங் கம்பியால் இழுக்க. 11 கிலோ எடைக்கு மேல் இழுவிசை கூடாது என்பது விதி. அதாவது ஒரு கையால் சீராக இழுத்து வராவிட்டால் எங்கோ சிக்கியிருக்கிறது. காலை ஊன்றி இழுத்தால் உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கியிருக்கும் எட்டுக் கம்பிகளின் முறுக்கு நீண்டு கலைந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. பைப்பில் எண்ணெய் விடாதீர்கள், டால்கம் பவுடர் போதும். வளைவின் ஆரம் எங்கும் கேபிள் விட்டத்தின் நான்கு மடங்குக்குக் குறையக் கூடாது. கேட் 6 சுமார் 6 மி.மீ. தடிமன், ஆக ஓரங்குல ஆரம்.

பெட்டியிலிருந்து உருவும்போதே இரு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதி மேலே டேப் ஒட்டுங்கள். "பிறகு எழுதிக்கலாம்" என்று விட்டால் 12 கேபிளுக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கத் தேட வேண்டியிருக்கும். சுவர்ப் பாக்ஸில் ஓரடி, மையத்தில் இரண்டு மீட்டர் உபரி விடுங்கள். இழுத்து முடித்ததும் ஒவ்வொரு பைப்பிலும் ஒரு நைலான் கயிறு நிரந்தரமாக இருக்கட்டும். அடுத்த கேபிளுக்கு அதுதான் வழி.

முனை கட்டுவது

சுவரிலிருந்து கேபிளை நேராக வெளியே விட்டு நுனியில் பிளாஸ்டிக் பிளக்கை நசுக்கிவிடுவது பரவலான பழக்கம். சுவர்க் கேபிளின் உள்ளே இருப்பது ஒற்றைக் கெட்டிக் கம்பி, அடிக்கடி ஆட்டினால் ஒடியும். அதைச் சுவருக்குள்ளேயே அசையாமல் வைத்து, சுவர் சாக்கெட்டான ஜாக்கின் பிளவுகளில் கம்பிகளை அழுத்திப் பொருத்தி (பஞ்ச் செய்து), பிளேட் மூடுங்கள். ஆட்டம் காண்பதெல்லாம் வெளியே சொருகும் குட்டைக் கேபிளான பேட்ச் கார்டாக இருக்கட்டும். அது பல மெல்லிய இழைகள் சேர்ந்த கம்பியால் ஆனது, வளைந்து கொடுக்கும். மையத்திலும் இப்படியே, 12 கேபிளும் ஜாக்குகள் வரிசையாக உள்ள ஒரு பேட்ச் பேனலில் முடியட்டும்.

நிற வரிசையில் பி முறைதான் நம்மிடம் அதிகம் புழங்குகிறது: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. ஏ முறையும் தவறல்ல, இரு முனையிலும் ஒன்றாக இருந்தால் போதும். ஜாக்கின் பக்கவாட்டில் இரண்டு முறைக்கும் நிறம் அச்சிட்டிருக்கும். பி என்று போட்ட வரிசையைப் பாருங்கள்.

மூன்றாவது கம்பி பச்சை-வெள்ளை என்றால் அதன் ஜோடி ஆறாவது இடத்துக்குப் போகிறதே, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் அழகாக இருக்குமே என்று சிலர் நிறங்களைத் தாமே வரிசைப்படுத்திவிடுவார்கள். இரு முனையிலும் ஒரே மாதிரி அடுக்கியிருப்பதால் சாதாரண கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், ஆனால் லைன் தடுமாறும். ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகள்தான் ஒரு சிக்னலைச் சேர்ந்து சுமக்க வேண்டும், இரைச்சலை ரத்து செய்வது அந்த முறுக்கு. ஜோடி பிரிந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதனால்தான் முனையில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்கிறோம்.

சோதனை

டெஸ்டரில் 1 முதல் 8 வரை வரிசையாக எரிவது முதல் படி மட்டுமே. அடுத்து ஒரு லேப்டாப்பைப் புள்ளி புள்ளியாகக் கொண்டுபோய் கிகாபிட் சுவிட்சோடு இணைத்து, இணைப்பு வேகம் 1 கிகாபிட் என்று காட்டுகிறதா பாருங்கள். 100 மெகாபிட் என்று காட்டினால் ஏதோ ஒரு கம்பி தொடவில்லை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒன்று விட்டால்கூட சாதனங்கள் மௌனமாகக் கீழ் வேகத்துக்கு இறங்கிவிடும். "நெட் வருதே" என்று வருடக்கணக்கில் விட்டுவிடுவார்கள். டிவியை வைத்து மட்டும் இதைச் சோதிக்காதீர்கள். பல ஸ்மார்ட் டிவிகளின் போர்ட்டே 100 மெகாபிட்தான், 4கே படத்துக்கு அதுவே தாராளம்.

பிறகு மையத்தில் ஒரு கணினி, புள்ளியில் ஒரு கணினி வைத்து சில கிகாபைட் கோப்பை நகலெடுங்கள். இரண்டிலும் எஸ்எஸ்டி இருந்தால் வினாடிக்கு 110 மெகாபைட் அருகில் நிலையாகப் போக வேண்டும். ஏறி இறங்கினால் அந்த முனையைப் பிரித்துக் கட்டச் சொல்லுங்கள். கடைசித் தவணை கொடுக்கும் முன், அலமாரி சோபா எல்லாம் வந்து சுவரை மறைக்கும் முன் இதை முடித்துவிட வேண்டும்.

சாதனங்கள்

12 புள்ளிக்கு 16 போர்ட் கிகாபிட் சுவிட்ச், அதில் சில போர்ட்டாவது பிஓஇ வசதியோடு. பிஓஇ என்றால் நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரமும் போவது, அதனால் கூரை ஆக்சஸ் பாயிண்டுக்கும் கேமராவுக்கும் தனிப் பிளக் தேவைப்படாது. ஒரு போர்ட்டில் 15.4 வாட் தருவது பழைய விதி, 30 வாட் தருவது 2009-ல் வந்தது. வாங்கும் ஆக்சஸ் பாயிண்ட் எது கேட்கிறது என்று பார்த்து சுவிட்சை முடிவு செய்யுங்கள்.

பழைய ரவுட்டர் கையில் இருந்தால் மேல் தளத்துக்கு அதையே ஆக்சஸ் பாயிண்டாக வைக்கலாம். முகவரி கொடுக்கும் டிஎச்சிபி-யை அதில் நிறுத்திவிட்டு, முதன்மை ரவுட்டரோடு மோதாத வேறொரு முகவரியை அதற்குக் கொடுத்து, சுவரிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட்டில் சொருகுங்கள். இரண்டு தளத்துக்கும் ஒரே வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே சேனல் 1, மேலே 6 அல்லது 11 என்று பிரித்துவிட்டால் ஒன்றையொன்று மறிக்காது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், புள்ளி எண்களோடு கூடிய அந்த முதல் வரைபடத்தை ரேக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். பூச்சுக்கு முன் எடுத்த படங்களை அச்செடுத்து, பத்திரமும் பட்டாவும் இருக்கும் கோப்பில் ஒரு நகல் வைத்துவிடுங்கள்.